நாலு பக்கக் கடிதத்தில் ஒரு அரை வரி

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 46. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர், கமக்கார அமைப்பின் செயலாளர். 2009 மே மாதத்தில், போரின் முடிவில், தம்பியைப் பறிகொடுத்தவர். செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் குடும்பத்தோடு இருந்தபோது விசுவாசத்துக்கு வந்து, மீள்குடியேறியதும் குடியை விட்டார். இப்போது ஊரிலுள்ள சின்னச் சபையில் புதன்கிழமை வீட்டுக்கூட்டம் நடத்துகிறார், ஞாயிறு பாடசாலையும் எடுக்கிறார். சாட்சி சொல்ல வேறு ஊர்ச் சபைகளும் கூப்பிடுகின்றன. "வெளியில நான் ஊழியக்காரன். உள்ளுக்க நான் ஆரெண்டு எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். ஜெபிச்சால் ஜெபம் தகரத்துக்கு மேல போகுதில்லை" என்று எழுதுகிறார்.

அவர் சொல்லும் குறைகள் பல. "அண்ணை, உங்கட ஜெபத்திலதான் எங்கட பிள்ளை சுகப்பட்டது" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் இனிக்கிறது, பிறகு அந்த இனிப்பை நினைத்துத் தன்னையே வெறுக்கிறார். காலபோக அறுவடை முடிந்த இரவு பழைய கூட்டாளிகளோடு கள்ளுக் குடித்தார், அதை யாருக்கும் சொல்லவில்லை. மாம்சத்தை, அதாவது பாவத்தின் பக்கம் இழுக்கும் பழைய இயல்பை, ஒடுக்க 21 நாள் உபவாசம் எடுத்தார். அந்த நாட்களின் நடுவில் கமக்கார அமைப்பின் சிறுபோகக் கூட்டம் வந்தது. தண்ணீர்முறையில், அதாவது யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதில், வாக்குவாதம் ஏறி, எதிர்த்துப் பேசிய ஒரு பொடியனைப் பார்த்து, "தேப்பன் இல்லாமல் வளந்ததுக்கு இவ்வளவுதான் வரும்" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். அடுத்த புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் அவர் எடுத்த வசனம் தாழ்மையைப் பற்றியது. அந்தப் பொடியனின் தாய் முன்பாயில் இருந்தா. "அவ தலை நிமிர்த்தேல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: மறுபடி பிறந்தவனுக்குள் பழைய மனுஷன் இவ்வளவு பலமாக இருக்க முடியுமா, நான் இரட்சிக்கப்பட்டவன்தானா? ஊழியத்தை விட்டுவிட வேண்டுமா? சபைக்கு முன் எழும்பி எல்லாவற்றையும் அறிக்கையிடு என்கிறார் போதகர், செய்யலாமா? செயலாளர் பதவியையும் தண்ணீர்முறையையும் விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருப்பதுதானே தாழ்மை? பின்குறிப்பாக, அடுத்த மாதம் வேறொரு சபையில் சாட்சி சொல்ல வரச்சொல்லியிருக்கிறார்கள், போகலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இருக்க முடியும். ரோமருக்கு நிருபம் எழுதியபோது பவுல் புது விசுவாசி அல்ல, ஏறக்குறைய இருபது வருடம் ஊழியத்தில் அடிபட்டவர். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ஏழாம் அதிகாரத்தில் புலம்புகிறவர் அவர்தான். கிறிஸ்துவை அறியுமுன் இருந்த நிலையைத்தான் அங்கே சொல்கிறார் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. பழைய காலத்துத் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீன்கூட முதலில் அப்படித்தான் வாசித்தார், பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டு, இது விசுவாசியான பவுலின் குரலே என்றார். அந்த வாதம் எப்படி முடிந்தாலும் உங்கள் கேள்விக்கான பதில் மாறாது. மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கிறது என்று கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியது விசுவாசிகளுக்குத்தான். யோவானும் தன்னையும் சேர்த்துக்கொண்டு, "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்கிறார்.

சபைகள் பல விஷயங்களில் முட்டிக்கொண்டாலும் இதில் அவ்வளவு தூரம் விலகவில்லை. ஞானஸ்நானத்தின் பிறகும் பாவத்தின் பக்கம் சாயும் இயல்பு மனிதனில் தங்கியிருக்கிறது, அதோடு போராட வேண்டியிருக்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1546 இல் திரெந்து பொதுச்சங்கத்தில் எழுதிவைத்தது. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்றார் சீர்திருத்தவாதி லூத்தர். அன்பில் பூரணப்படுவது இந்த வாழ்விலேயே கூடும் என்று நம்பிய, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிகூட, தான் அதை அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டதில்லை. போராட்டம் ஓயவில்லை என்பதற்காகப் பிள்ளை என்ற உரிமை போய்விடாது. நீங்கள் உங்கள் இரட்சிப்பைப் போன கிழமை நடத்தையை வைத்து அளக்கிறீர்கள். கிழமை நன்றாகப் போனால் பெருமை வருகிறது, பிழைத்துப் போனால் பயம் வருகிறது. இரண்டு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது உங்களைத்தான்.

இந்தப் பயத்துக்கு, நம்முடைய பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்லும் முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முதல் பாதி முழுக்க இருட்டு: குடி, சண்டை, இடப்பெயர்வு, இழப்பு. பிறகு ஒரு தேதி. அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சம். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. 2009 க்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவருக்கு, என் வாழ்க்கையில் ஒரு திருப்பம் உண்டு என்று எழும்பி நின்று சொல்லக் கிடைத்தது பெரிய காரியம். ஆனால் அந்தக் கதைக்கு மூன்றாம் பாகம் கிடையாது. குடியை விட்டுப் பல வருடம் கழித்து அறுவடை இரவில் குடித்த கள்ளை அதில் எங்கே வைப்பது? வைக்க இடமில்லாததால் ஒளிக்கிறீர்கள். ஒளித்ததால் அடுத்த சாட்சியில் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டிவருகிறது.

பவுல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனது வேறு மாதிரி. கொரிந்தியருக்கு எழுதும்போது அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்றார். பிறகு எபேசியருக்கு, பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன் என்றார். கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது பாவிகளில் பிரதான பாவி நான் என்றார். வருடம் போகப்போக அவர் கெட்டுப்போனார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊழியம் பெருகப் பெருகத் தன்னைப் பற்றிய மதிப்பீடு இறங்கிக்கொண்டே வந்தது, ஓட்டமோ நிற்கவில்லை.

பாராட்டு இனிப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அகுஸ்தீன் ஆயராக இருந்துகொண்டு தன் வாழ்க்கையை அறிக்கையாக எழுதியபோது, அதன் பத்தாம் பாகத்தில், சனங்கள் புகழும்போது தனக்கு இன்னும் பிடிக்கிறது என்று ஒத்துக்கொண்டார். வீண்புகழை வெறுக்கிறேன் என்று காட்டிக்கொள்வதிலேயே ஒரு வீண்புகழ் ஒளிந்திருக்கும் என்றும் எழுதினார். நீங்கள் தோண்டிக்கொண்டிருப்பது அந்தக் கிணற்றைத்தான், அதற்கு அடி கிடையாது. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், "ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கோ, பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேளுங்கள். பேச்சு பிள்ளையிடம் போய்விடும். இனித்தால் இனிக்கட்டும்.

இதோடு நிறுத்தினால் கடிதத்தை மடித்து வைக்கும்போது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன இடம் ஒன்று இருக்கிறது.

அந்த அரை வரி

மூன்றாம் பக்கத்தின் நடுவில், பெருமையைப் பற்றிய இரண்டு பந்திகளுக்கு இடையில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "போன மாசம் மனுசியோட சண்டை வந்து ஒருக்கால் கை நீட்டிப்போட்டன், பிள்ளையளும் நிண்டவை, பிறகு சரியாப் போச்சு." அடுத்த வசனம் மறுபடி உங்கள் மேட்டிமையைப் பற்றியது.

யாருக்குச் சரியாய்ப் போனது என்று நீங்கள் எழுதவில்லை.

பாராட்டு இனித்தது, கள்ளுக் குடித்தது, பொடியனை ஏசியது, மனைவியை அடித்தது, எல்லாவற்றையும் "என்ர மாம்சம்" என்ற ஒரே பெயரில் போட்டிருக்கிறீர்கள். வெள்ளம் நிற்கிற வயலில் வரம்பு எங்கே உடைந்தது என்று தெரியாது. உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. துக்கம் நிறைய இருக்கிறது, உடைந்த இடம்தான் தெரியவில்லை. பாராட்டு இனித்ததால் வேறு ஒருவருக்கும் காயம் இல்லை. பொடியனை ஏசிய இடத்திலும் மனைவியை அடித்த இடத்திலும் காயப்பட்ட ஆட்களுக்கு முகம் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் உங்கள் கூட்டத்துப் பாயிலும் இருக்கிறார்கள்.

"நான் பாவி, ஒன்றுக்கும் உதவாத புழு" என்று சொல்வது லேசு. எதிரில் யாரும் நின்று பதில் கேட்கமாட்டார்கள், சபையில் சொன்னால் ஆமென் வரும். "போன மாதம் பிள்ளைகள் நிற்க உனக்கு அடித்தேன். அது என்னுடைய பிழை, உன்னுடையது அல்ல" என்று மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசல்ல. நீங்கள் தேடும் தாழ்மை எனக்குத் தெரிந்தவரையில் இந்த இரண்டாவது வசனத்தில்தான் இருக்கிறது. முதலாவதைச் சொல்லிச் சொல்லியே இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறவர்களை ஆலோசனை அறையில் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் அநேகர் நல்ல ஜெபக்காரர்.

நான் அல்ல, எனக்குள் வாசமாயிருக்கிற பாவமே அப்படிச் செய்கிறது என்ற வசனத்தையும் உங்கள் கடிதத்தில் ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். பவுல் அதைச் சாட்டாகச் சொல்லவில்லை, தாங்கமாட்டாமல் கதறுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே, மாம்சத்துக்கு நாம் கடனாளிகள் அல்ல, சரீரத்தின் செய்கைகளை ஆவியினாலே அழியுங்கள் என்று எழுதுகிறார். கை நீட்டியது நீங்கள்தான். அப்படி ஒத்துக்கொள்கிறவனுக்குத்தான் மன்னிப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டு.

"அவவும் கொஞ்சம் தாழ்ந்து போனால் வீடு சமாதானமாய் இருக்கும்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியது பிழை, சகோதரரே. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத்தாமே தாழ்த்தினார், வேறொருவரைத் தாழ்த்தவில்லை. அடித்தவன் அடிவாங்கியவளுக்குத் தாழ்மையைப் படிப்பிக்க முடியாது. பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசுவே, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். உங்கள் மனைவிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு. ஜெபம் தகரத்துக்கு மேலே போகவில்லை என்கிறீர்களே, பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் புருஷருக்கு எழுதிய வசனத்தை எடுத்துப் பாருங்கள். மனைவியைக் கனம்பண்ணுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடிக்கு என்று இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி உங்கள் மனைவி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கிடைத்தால் அது 12 மாதம் வரை இருக்கும். அவருக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் பார்க்கலாம், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். இதை நான் மிரட்டலாகச் சொல்லவில்லை. இந்தப் பகுதியை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். கொடுக்க மனம் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

கோபம் ஏறும்போது உடம்பு முன்கூட்டியே சொல்லும்: தாடை இறுகும், காது சுடும், குரல் மாறும். அந்த நேரத்தில் எதையும் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். "வெளியில போட்டு அரை மணித்தியாலத்தில வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்து போங்கள், மோட்டார் சைக்கிளை எடுக்கவேண்டாம். இப்படிச் செய்யப்போகிறேன் என்று சண்டை இல்லாத நாளிலேயே மனைவிக்குச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகிறார் என்று அது இன்னொரு சண்டையாகும். மே மாதத்தில் நித்திரை இல்லை, தம்பியின் குரல் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாவமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள், அரச வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. 1926 என்ற இலக்கத்திலும் உளநல உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். தம்பியை இழந்த துக்கத்துக்கு வைத்தியம் பார்க்கலாம். மனைவியை அடித்ததற்கு அந்தத் துக்கம் சாட்டு அல்ல.

யாரிடம், எவ்வளவு

போதகர் நல்ல நோக்கத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் சபைக்கு முன் எல்லாவற்றையும் கொட்டுவதை நான் சொல்லமாட்டேன், அதுவும் இப்போது வேண்டவே வேண்டாம். உங்கள் சபையில் முப்பது நாற்பது பேர், எல்லாரும் ஊர்ச்சனம். நீங்கள் எழும்பி மனைவியை அடித்தேன் என்று அழுதால், அன்றைக்கு எல்லார் கண்ணும் போவது மனைவியின் முகத்துக்கு. அவரைக் கேட்காமல் அவருடைய காயத்தை ஊருக்குக் காட்டியிருப்பீர்கள். அந்த இடத்திலேயே மன்னித்தேன் என்று சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு வரும். கூட்டம் முடிய நாலு பேர் வந்து உங்கள் கையைப் பிடித்து, எவ்வளவு தாழ்மை அண்ணை என்பார்கள். நீங்கள் பயப்படும் அந்த இனிப்பு இந்த முறை கண்ணீரோடு வரும்.

பாவம் எவ்வளவு தூரம் போனதோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போகட்டும். பொடியனை ஏசியது கமக்கார அமைப்புக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். ஆகையால் முதலில் அவன் வீட்டுக்குப் போய், தாய்க்கும் அவனுக்கும் சொல்லுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நீங்கள் தொட்டது தண்ணீர்ப் பிரச்சினையை அல்ல. பிறகு அடுத்த அமைப்புக் கூட்டத்தில், கூட்டறிக்கை வாசித்து முடிந்ததும், நாலு வசனத்தில் மன்னிப்புக் கேளுங்கள். பசி, உபவாசம், தண்ணீர்த் தட்டுப்பாடு என்று விளக்கம் வேண்டாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர், அந்தச் சகோதரன் எதிர்த்துப் பேசுகிறவனா என்று பார்க்கச் சொல்லவில்லை. அதுவரை புதன்கிழமைக் கூட்டத்தை நீங்கள் நடத்தவேண்டாம்.

மனைவிக்கு வீட்டில், தனியாக. பிள்ளைகள் பார்த்தபடியால் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: "அப்பா அம்மாவுக்கு அடிச்சது பிழை." அவ்வளவு போதும், அதற்குப் பிறகு வேதபாடம் எடுக்காதீர்கள். அவர் உடனே மன்னிக்காமல் போகலாம், கொஞ்ச நாள் பேசாமலும் இருக்கலாம். மன்னிக்கச் சொல்லி வசனம் காட்டுவதும் ஒருவிதத்தில் கை நீட்டுவதுதான்.

கள்ளுக் குடித்ததைப் போதகருக்கும், நீங்கள் நம்பும் ஒரு ஆளுக்கும் சொல்லுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியது இப்படிப்பட்டதற்குத்தான். அந்த ஆள் அடுத்த அறுவடை இரவில் போன் எடுத்து, எங்கே நிற்கிறாய் என்று கேட்கக்கூடிய ஆளாக இருக்கவேண்டும். குடியை விட்டவர் ஒருமுறை சறுக்குவதை ஆலோசகர்கள் புதினமாகப் பார்ப்பதில்லை, ஒளித்து வைப்பதைத்தான் ஆபத்தாகப் பார்க்கிறோம்.

தண்ணீர்முறை

செயலாளர் பதவியை விட்டு, உங்கள் முறையையும் விட்டுக்கொடுத்து, வாய் திறவாமல் இருப்பது தாழ்மை என்று நினைக்கிறீர்கள். உங்கள் வயலுக்கு மட்டும் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களின் முறையையும் நீங்கள்தான் எழுதிப் பேசுகிறீர்கள் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. சிறுபோகத்தில் குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் ஏக்கர் பிரிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் பேசாமல் இருந்தால், அவர்களுடைய தண்ணீரையும் சேர்த்து விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

பவுல் உரிமையைப் பேசத் தெரிந்தவர். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, இரகசியமாய் வெளியே அனுப்பப் பார்த்தபோது, ரோமரான எங்களை இப்படிச் செய்தீர்களே, நீங்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பிறகு ரோமப் பேரரசனான இராயனுக்கும் அபயமிட்டார், அவனிடமே மேல்முறையீடு செய்தார். தாழ்மை வருவதற்கு உரிமை போகவேண்டியதில்லை. முறை எழுதிய கொப்பியை எல்லாருக்கும் காட்டிப் பேசுங்கள், குரல் ஏறினால் உட்காருங்கள். அந்தப் பொடியன் சொன்னதில் நியாயம் இருந்தால் அதைக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் கோபம் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் பதவியை விடலாம். அப்போதும் காரணம் கோபம்தான் என்று சொல்லிவிட்டு விடுங்கள், தாழ்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

உபவாசமும் குளிசையும்

இது அவசரம் என்பதால் தனியே எழுதுகிறேன். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர் நீங்கள். 21 நாளும் இரவில் மட்டும் சாப்பிட்டு, குளிசையையும் விட்டிருக்கிறீர்கள். குளிசையை விட்டால் சீனி ஏறும். சில குளிசைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் திடீரென்று இறங்கும், அப்போது நடுக்கமும் வேர்வையும் சினமும் வரும், மயங்கியும் விழலாம். கிளினிக்கில் கேட்காமல் இனி உபவாசம் எடுக்கவேண்டாம். எடுத்ததை அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு நித்திரை. உபதேசம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாம்சம் என்றதும் வயிற்றை நினைக்கிறீர்கள். கலாத்தியரில் பவுல் எண்ணிச் சொல்லும் மாம்சத்தின் கிரியைகளில் பெரும்பகுதி பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை. அவற்றைப் பட்டினியால் கொல்ல முடியாது. சரீர ஒடுக்கத்தோடு சேர்ந்துவரும் மாயமான தாழ்மை என்று ஒன்றைக் கொலோசெயர் இரண்டாம் அதிகாரம் பெயர் சொல்லியே எச்சரிக்கிறது. வழக்காடிக்கொண்டும் கையால் குத்திக்கொண்டும் உபவாசிக்கிறீர்களே என்று ஏசாயா 58 இல் ஆண்டவர் கேட்பதையும் வாசியுங்கள். நீங்கள் பொடியனை ஏசியது உபவாசத்தின் நடுவில்.

ஊழியம்

விட்டுவிடவேண்டாம், கொஞ்சக் காலம் நிறுத்துங்கள். போராட்டம் இருக்கிறது என்பது காரணம் அல்ல, அப்படிப் பார்த்தால் மேடையில் யாரும் மிஞ்சமாட்டார்கள். அடித்திருக்கிறீர்கள், அதுதான் காரணம். சபையை நடத்துகிறவன் அடிக்கிறவனாயிருக்கக்கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் நேராகவே இருக்கிறது. போதகரிடம் காரணத்தைச் சொல்லி, ஒரு மூன்று மாதம் வீட்டுக்கூட்டத்தையும் ஞாயிறு பாடசாலையையும் வேறொருவரிடம் கொடுங்கள். மனைவிக்குச் சம்மதமில்லாமல் போதகரைத் தவிர வேறு யாருக்கும் விபரம் போகவேண்டாம். புதன்கிழமைகளில் போகாமல் இருக்காதீர்கள், போய்ப் பாயில் இருந்து வேறொருவர் வாசிப்பதைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுப்பதா என்பதை நீங்களும் போதகரும் மட்டும் தீர்மானிக்கவேண்டாம், மனைவியையும் கேளுங்கள். அவர் பயந்து ஓம் சொல்கிறாரா, மனதார ஓம் சொல்கிறாரா என்று போதகரின் மனைவியோ வேறொரு பெண்ணோ தனியாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த மாதச் சாட்சிக்குப் போகவேண்டாம். கூப்பிட்டவர்களுக்கு இந்தக் கிழமையே போன் எடுத்து, இப்போது வர ஏலாது என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லலாம், பொய்யில்லை.